மூன்றாம் வகுப்பு வந்தும் எழுத்துக்கூட்டத் தெரியவில்லை, எங்கிருந்து தொடங்குவது?

சாக்பீஸ் தூள்:
ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு, நான்கும் ஐந்தும் இன்னொரு சாருக்கு. மூன்றாம் வகுப்பில் பாதிப் பேர் புத்தகத்தைத் திறந்தால் கடகடவென்று சொல்லிவிடுகிறார்கள், கேட்க அவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆனால் பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்றால், முதல் வரியிலிருந்து வாய்க்குள் ஓட்டிக்கொண்டு வந்துதான் அந்த இடத்தைப் பிடிக்கிறார்கள். அதே சொல்லைக் கரும்பலகையில் தனியாக எழுதினால் முழிக்கிறார்கள். பாடம் மனப்பாடமாகி இருக்கிறது, வாசிப்பு வரவில்லை.

என் சிக்கல் இதுதான். இவர்களை மறுபடியும் அ, ஆ என்று முதலிலிருந்து உட்கார வைத்தால் அழுகிறார்கள், "நாங்க என்ன ஒண்ணாப்பா டீச்சர்" என்கிறார்கள். விட்டுவிட்டு மூன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தினால் நடத்தியதாகக் கணக்கு மட்டும்தான் இருக்கும். இங்கே நேரடியாகக் குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். புத்தகத்தில் இருக்கும் தத்துவம் வேண்டாம், திங்கட்கிழமை காலையில் என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

பழைய கரும்பலகை:
டீச்சர், முதலில் யாருக்கு எது தெரியும் என்று தனித்தனியாகப் பாருங்கள். வகுப்பே சேர்ந்து கத்திப் படிக்கும்போது நான்கு பேர் படிப்பார்கள், மீதிப் பேர் வாயசைப்பார்கள். நான் ஓய்வு பெறும் வரை செய்தது ஒன்றே ஒன்றுதான்: படத்தை அட்டையால் மூடிவிட்டுக் கடைசி வரியை முதலில் வாசிக்கச் சொல்வது. மனப்பாடம் எல்லாம் அங்கேயே உதிர்ந்துவிடும்.

செயல்வழிக் கற்றல் வந்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கினார்கள், ஆந்திராவின் ரிஷி வேலிப் பள்ளியில் செய்ததைப் பார்த்து வந்து. பிறகு மாநிலம் முழுக்க. ஏணிப்படி, அட்டைகள், பிள்ளைகள் எழுதத் தாழ்வான கரும்பலகை, அறைக்குக் குறுக்கே கம்பிப் பந்தல். அதில் எனக்குப் பிடித்தது, ஒரு பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அங்கிருந்துதான் அடுத்த படி. நான்கு நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிடிக்காதது, போகப்போக நாங்கள் அட்டை எடுத்துக் கொடுக்கும் ஆட்களாகிவிட்டோம். பிள்ளை அட்டையை முடித்ததா என்பதுதான் பதிவேட்டில் ஏறியது. பிள்ளையிடம் வாய் திறந்து பேசும் நேரம் குறைந்துபோனது. வாசிப்பு வருவதற்குப் பேச்சு எவ்வளவு வேண்டும் என்று அப்போது யாரும் கணக்குப் போடவில்லை.

மாலைவகுப்பு அக்கா:
நான் இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர். எங்கள் தெருப் பிள்ளைகள்தான், மாலையில் வருவார்கள். டீச்சர், அ ஆ-விலிருந்து தொடங்க வேண்டாம். நான் செய்வதைச் சொல்கிறேன்.

ப, ட, ம. மூன்றே எழுத்து. கூடவே முதல் நாளே புள்ளி. புள்ளி இல்லாமல் தமிழில் உருப்படியாக எத்தனை சொல் எழுத முடியும்? புள்ளி தெரிந்தால் உடனே படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடுகிறது. முதல் நாளே நான்கு சொல் வாசித்துவிட்ட பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம் க, ல: கடல், பகல், பல், கல், பக்கம். அப்புறம் ர, த, வ: மரம், தரம், வரம், பதம், வட்டம், கதவு மட்டும் கொஞ்சம் பொறுக்க வேண்டும், உ வரிசை வரும் வரை.

பத்துப் பன்னிரண்டு எழுத்து கைக்கு வந்ததும் துணைக்கால். இங்கே ஒரு சுலப வழி இருக்கிறது, ஜோடி ஜோடியாகக் கொடுப்பது. படம் / பாடம். மடம் / மாடம். கல் / கால். பல் / பால். வரம் / வாரம். குறில் நெடில் என்ற பெயரே சொல்லத் தேவையில்லை, காதே பிடித்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: துணைக்காலும் ர-வும் அச்சில் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். 'கால்' என்பதைக் 'கரல்' என்று வாசிக்கும் பிள்ளையைத் திட்டாதீர்கள், அது பார்த்ததைத்தான் வாசிக்கிறது.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இது குழந்தைத்தனமாகத் தெரியாது. ஏனென்றால் அவர்கள் ஒன்றாம் வகுப்பில் பார்த்த எதுவும் இப்படி இருக்கவில்லை.

ஆறாம் வகுப்புத் தமிழய்யா:
அரிச்சுவடியைத் தூக்கிப் போட்டுவிடுவீர்களா? க-வுக்குப் பக்கத்தில் ங, ச-வுக்குப் பக்கத்தில் ஞ, ட-வுக்குப் பக்கத்தில் ண என்று வல்லினத்துக்கு இன எழுத்தை அருகில் உட்கார வைத்த வரிசை அது. பிறகு ஆறாம் வகுப்பில் என்னிடம் வந்து அகராதி பார்க்கத் தெரியாமல் நிற்பார்கள்.

மாலைவகுப்பு அக்கா:
அய்யா, வரிசையைப் பாட்டாகச் சொல்லிக்கொடுக்கலாம், யார் வேண்டாம் என்றது? ஆனால் வரிசை தெரிவதும் வாசிக்கத் தெரிவதும் வேறு. ங-வை முதல் வாரத்தில் கற்று அந்தப் பிள்ளை எந்தச் சொல்லை வாசிக்கும்? ஙப்போல் வளை என்ற ஒன்றைத்தான்.

பழைய கரும்பலகை:
அகராதி எல்லாம் ஐந்தாம் வகுப்பில் ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தால் வந்துவிடும் அய்யா. வாசிக்கத் தெரியாதவனுக்கு அகராதி எதற்கு? இன்னொன்று, வார்த்தையிலிருந்து தொடங்குவது ஒன்றும் புதிதல்ல. 90-களில் அறிவொளி இயக்கத்தில் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அப்படித்தான், அவர்கள் வாழ்க்கையில் புழங்கும் சொல்லைக் கொடுத்து, அதை உடைத்து எழுத்தை எடுத்து, அந்த எழுத்துகளை மாற்றி அடுக்கிப் புதுச் சொல். புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிளும் எழுத்தும் சேர்ந்து கற்ற காலம்.

தரவுப்பித்தன்:
வெளியிலிருந்து பார்ப்பவனாகக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் பேசும் நாடுகளில் இது அறுபது எழுபது வருடச் சண்டை. ஒரு தரப்பு, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை வரிசையாக, நேராகச் சொல்லிக்கொடு என்றது. இன்னொரு தரப்பு, நல்ல கதைப் புத்தகம் கொடு, பிள்ளை படத்தையும் முன்பின் சொற்களையும் வைத்து ஊகித்து வாசித்துப் பழகும் என்றது. 1967-இல் கென் குட்மன் என்பவர் வாசிப்பையே ஓர் ஊக விளையாட்டு என்று எழுதினார், அது ஆசிரியர் பயிற்சியில் பல பத்தாண்டு ஓடியது. 2000-இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு, 2006-இல் இங்கிலாந்தில் ஜிம் ரோஸ் அறிக்கை, இரண்டும் ஒலி வழி கற்பித்தல் பக்கமே சாய்ந்தன. 2012 முதல் இங்கிலாந்தில் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் 40 சொற்களைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள், அதில் 20 சொற்களுக்குப் பொருளே கிடையாது. பொருள் இல்லாத சொல்லை ஊகிக்க முடியாது, எழுத்துக்கூட்டத்தான் வேண்டும். சாக்பீஸ் டீச்சர் வகுப்பில் நடப்பதும் அதே மாதிரிதான், ஊகத்துக்குப் பதில் மனப்பாடம்.

ஆனால் அந்தச் சண்டையை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய வேண்டாம். ஆங்கிலத்தில் 26 எழுத்துதான், ஆனால் ஒரே எழுத்து இடத்துக்கு இடம் குணம் மாறும். நமக்கு எழுத்து அதிகம், குணம் பெரும்பாலும் ஒன்றே. ஆகவே ஆங்கிலப் பிள்ளைக்கு விதிவிலக்குகள் சுமை, நம் பிள்ளைக்கு வடிவங்களின் எண்ணிக்கை சுமை. கன்னடத்தில் சோனாலி நாக் என்ற ஆய்வாளர் செய்த ஆய்வில் நான்காம் வகுப்பு வரைகூடப் பிள்ளைகள் புது எழுத்துகளைக் கற்றுக்கொண்டே இருந்தது தெரியவந்தது. 2011 முதல் 2016 வரை கர்நாடகத்தின் யாத்கீர் பகுதியிலும் மகாராஷ்டிரத்தின் வாடா பகுதியிலும் ஒரே பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்விலும் இதே கதைதான், மூன்றாம் வகுப்பு முடித்தும் எழுத்துகளும் உயிர்க்குறிகளும் முழுதாகக் கைக்கு வராத பிள்ளைகள் நிறைய. பாடத்திட்டமோ ஒன்றாம் வகுப்போடு அந்த வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறது. மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு எல்லா உயிர்மெய்யும் தெரியவில்லை என்றால் அது சோம்பேறி என்று அர்த்தமில்லை, பாட நூல் அவசரப்பட்டிருக்கிறது.

சாக்பீஸ் தூள்:
இதைத் தலைமையாசிரியர் அறையில் ஒட்டி வைக்கலாம் போலிருக்கிறது. ஆனால் பொருளில்லாத சொல் எல்லாம் என் பிள்ளைகளிடம் எடுபடாது, "அப்படி ஒரு வார்த்தையே கிடையாது டீச்சர்" என்று சண்டைக்கு வருவார்கள்.

மாலைவகுப்பு அக்கா:
ஊர்ப் பெயர் கொடுங்கள். பேருந்தின் நெற்றியில் இருக்கும் பெயர்கள். பக்கத்து மாவட்ட ஊர்கள் என்றால் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்கள், ஊகிக்கவும் முடியாது, அதே சமயம் உண்மையான சொல். உளுந்தூர்பேட்டை, வேப்பந்தட்டை, தியாகதுருகம். எங்கள் பிள்ளைகளுக்கு இது போட்டி மாதிரி ஆகிவிட்டது.

வடமராட்சி வாசகி:
இலங்கையிலிருந்து எழுதுகிறேன், ஆரம்பப் பிரிவில் படிப்பித்து ஓய்வு பெற்ற ரீச்சர். எங்கள் பக்கம் விஜயதசமிக்கு ஏடு தொடக்கி, அரிசியில் விரல் பிடித்து 'அ' எழுதிவிட்டால் பிள்ளை படிக்கத் தொடங்கிவிட்டது என்று வீட்டார் நம்புவார்கள். அது வடிவான சடங்கு, அதில் எனக்குக் குறை இல்லை.

நான் கதைக்க வந்தது வேறு. எழுத்தின் பெயரும் எழுத்தின் ஒலியும். பிள்ளைக்கு மெய்யெழுத்தை "இக், இங், இச்" என்று சொல்லிக்கொடுக்கிறோம். பிறகு 'பக்கம்' என்று எழுதி எழுத்துக்கூட்டச் சொன்னால் "ப, இக், க, இம்" என்று சொல்லி, கடைசியில் சேர்க்கும்போது 'பஇக்கஇம்' என்று நிற்கும். பிள்ளையில் பிழையில்லை, நாங்கள் கொடுத்த பெயர் அது. நான் மெய்யெழுத்தைத் தனியாகச் சொல்லவே விடமாட்டேன், முன் எழுத்தோடு ஒட்டியே சொல்ல வேண்டும். பக்-கம். பட்-டம். பிள்ளையின் காதில் ஏற்கெனவே அந்தச் சொல் அப்படித்தான் இருக்கிறது.

ஆறாம் வகுப்புத் தமிழய்யா:
அம்மா, நீங்கள் சொன்னது அசை பிரிப்பது அல்லவா! யாப்பிலக்கணம் பத்தாம் வகுப்புக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். பட்-டம், நேர் நேர். ஒற்று எப்போதும் முன்னெழுத்தோடு போகும் என்ற ஒரு விதியை வைத்துக்கொண்டே பிள்ளைக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லையே.

சரி, ஆறாம் வகுப்பில் நான் பார்க்கும் நோயைச் சொல்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு எழுத்து தெரியும். 'மரம்', 'வீடு' என்றால் வாசிப்பார்கள். 'போய்க்கொண்டிருந்தார்கள்' என்று வந்தால் செத்தார்கள். பன்னிரண்டு எழுத்து. போ, ய், க், கொ என்று ஒவ்வொன்றாக ஏறி 'ருந்' வருவதற்குள் முன்னால் வாசித்தது மறந்துபோகும், மறுபடி முதலிலிருந்து. ஒரு வரி வாசிப்பதற்குள் பொருள் எங்கேயோ போய்விடும். இதே சொல்லை போய்க்-கொண்-டிருந்-தார்-கள் என்று பிரித்துக் கொடுத்தால் ஐந்து துண்டு. அதிலும் -தார்கள், -கொண்டிருந்த, -கிறது, -களுக்கு, -இலிருந்து போன்ற வால்கள் தமிழில் திரும்பத் திரும்ப வருபவை. இந்த வால்களைப் பார்த்தவுடன் ஒரே மூச்சில் சொல்லப் பழக்கிவிட்டால் பாதிச் சொல் தானாக வந்துவிடும். நான் இப்போது செய்வது, ஒரே வாலோடு பத்துச் சொல்லைக் கீழே கீழே எழுதிப்போடுவது: வந்தார்கள், சென்றார்கள், பார்த்தார்கள், கேட்டார்கள். தலைதான் மாறும், வால் அதே வால்.

ஆங்கிலத்தில் சின்னச் சின்னச் சொல் அதிகம், நமக்கு ஒட்டி ஒட்டி நீளும். அதனால் ஒன்றாம் வகுப்பில் எழுத்து முடிந்ததும் வாசிப்பு முடிந்தது என்று விட்டால் இங்கே மாட்டிக்கொள்வார்கள். மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை யாருமே இந்த வேலையைச் செய்வதில்லை என்பது என் புகார். எழுத்தையும் சொல்வதை எழுதுதலையும் விட்டால் நேரே கேள்வி பதிலுக்குத் தாவிவிடுகிறார்கள்.

தரவுப்பித்தன்:
அய்யா, இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே சிறந்த பதிவு இது.

இரவுப்பணி அப்பா:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகள் ஆங்கில வழிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. ஆங்கிலம் ஒலி ஒலியாகக் கூட்டி நன்றாக வாசிக்கிறாள். தமிழ் என்றால் ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் ஆங்கில எழுத்தில் உச்சரிப்பை எழுதி வைத்துக்கொண்டு அதைப் பார்த்து வாசிக்கிறாள். பள்ளியில் கேட்டால் தேர்வில் முழு மதிப்பெண் எடுக்கிறாளே என்கிறார்கள். அந்தத் தேர்வில் வரும் ஐந்து கேள்வியும் முன்கூட்டியே தரப்பட்டவை. வீட்டில் நாங்கள் தமிழ்தான் பேசுகிறோம். எனக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுமை கொஞ்சம் குறைவு, இரவு வேலை வேறு.

வடமராட்சி வாசகி:
வீட்டில் தமிழ் கதைக்கிற பிள்ளை என்றால் பாதி வேலை முடிந்தது தம்பி. ஆங்கிலத்தில் ஒலி கூட்டத் தெரிந்த பிள்ளைக்கு அந்தத் திறமை தமிழுக்கும் உதவும், புதிதாகப் பழக வேண்டியது வடிவங்கள் மட்டும். முதலில் அந்த ஆங்கில எழுத்தை அழித்துவிடுங்கள். அது இருக்கும் வரை கண் தமிழ் எழுத்துக்குப் போகாது.

மாலைவகுப்பு அக்கா:
அதோடு ஒன்று சார். ஆங்கிலம் வழியாக வரும் பிள்ளைகள் க-வுக்கு ஒரே ஒலி என்று நினைத்துக்கொள்வார்கள். கடல், தங்கம், பகல் மூன்றிலும் க மூன்று விதமாக ஒலிக்கும். விதியாகச் சொல்ல வேண்டாம். சொல் தெரிந்த சொல்லாக இருந்தால் அவளே திருத்திக்கொள்வாள், "தங்-கம்... ஓ, தங்கம்!" என்று. அதனால் தொடக்கத்தில் அவள் வாயில் ஏற்கெனவே புழங்கும் சொற்களையே கொடுங்கள். தினமும் பத்து நிமிடம் போதும், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைக்காதீர்கள், இருவருக்கும் வெறுத்துப்போகும்.

வடமராட்சி வாசகி:
தெரிந்த சொல் என்றதும் எனக்கு இன்னொரு சங்கதி நினைவுக்கு வருகிறது. எங்கள் பிள்ளைகள் வாயில் இருப்பது பேச்சுத் தமிழ், புத்தகத்தில் இருப்பது எழுத்துத் தமிழ். நீங்கள் "இருக்கு" என்கிறீர்கள், நாங்கள் "கிடக்கு" என்கிறோம், புத்தகம் "இருக்கிறது" என்கிறது. எழுத்துக்கூட்டி முடித்த பிள்ளை தன் காதில் விழாத ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. சரியாக வாசித்துவிட்டு, பிழையோ என்று ரீச்சரின் முகத்தைப் பார்க்கும்.

அதற்கு நான் கண்ட மருந்து, பிள்ளை வாசிக்கப் பழகுவதற்கு முன்பும் பழகும்போதும் தினமும் புத்தகத்திலிருந்து கதை வாசித்துக் காட்டுவது. சொல்லிக் காட்டுவதல்ல, வாசித்துக் காட்டுவது, அச்சில் இருக்கிறபடியே. விளங்காத இடத்தில் நிறுத்திப் பேச்சுத் தமிழில் சொல்லிவிட்டுத் திரும்பவும் புத்தகத்துக்கு வர வேண்டும். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை எங்கள் பக்கம் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருக்கிறது, தரம் மூன்றிலேயே கடந்தகால வினாத்தாள் தொடங்கிவிடுகிறார்கள். கதை வாசிக்க நேரமில்லை என்கிறார்கள். ஊர் வாசிகசாலையில் போய்ப் பார்த்தால் பிள்ளைகளைக் காணவில்லை.

தரவுப்பித்தன்:
ரீச்சர் சொன்னதற்கு அரபு மொழியில் சோதனை ஆதாரமே இருக்கிறது. அங்கேயும் வீட்டு அரபு வேறு, புத்தக அரபு வேறு. 1993-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இஸ்ரேலில் அரபு பேசும் மழலையர் வகுப்புகளில் சில மாதங்கள் தொடர்ந்து எழுத்து நடைக் கதைகளை வாசித்துக் காட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் கதையைப் புரிந்துகொள்வதிலும் சொல்வதிலும் மற்ற வகுப்புகளைவிட முன்னே போனார்கள். அதற்கு முன் அங்கே ஆசிரியர்கள் பலர், சின்னப் பிள்ளைக்குப் புத்தக மொழி புரியாது என்று கதையைப் பேச்சு மொழிக்கு மாற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாமும் அதையேதான் செய்கிறோம்.

பழைய கரும்பலகை:
வாசிப்பு இயக்கத்தில் வந்த சின்னப் புத்தகங்கள் இருக்கின்றனவே, நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலை. வாசித்துக் காட்ட அவை நல்லவை. பள்ளியில் பீரோவுக்குள் பூட்டி வைத்திருந்தால் வெளியே எடுங்கள். கிழிந்தால் கிழியட்டும், கணக்கு கேட்டால் கிழிந்த புத்தகத்தைக் காட்டலாம்.

சாக்பீஸ் தூள்:
எடுத்துவிட்டேன் அய்யா, போன மாதமே. இப்போது அடுத்த தலைவலி. ஒரே அறையில் மூன்று வகுப்பு. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை நிலைவாரியாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து வைத்திருக்கிறோம், பயிற்சி நூல் எல்லாம் வருகிறது. திட்டத்தின் எண்ணம் சரிதான். ஆனால் அரும்பில் இருக்கும் பிள்ளையோடு உட்கார்ந்தால் மலர் சும்மா இருக்கிறது, மலருக்குப் போனால் அரும்பு தூங்குகிறது. நடுவில் செயலியில் மதிப்பீடு ஏற்ற வேண்டும், நெட்வொர்க் கிடைக்க மாடிப்படிக்கு ஓட வேண்டும். மதிப்பீடு செய்யும் நேரத்தில் பாடம் நடத்தியிருக்கலாம் என்று தோன்றாத நாள் இல்லை.

ஆறாம் வகுப்புத் தமிழய்யா:
இதற்குத்தான் ஆள் போடச் சொல்லிக் கேட்கிறோம். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்று வைத்துக்கொண்டு எந்த முறையை இறக்குமதி செய்தாலும் அது அந்த இரண்டு பேர் தலையில்தான் விழும். முறை முறை என்று பேசுகிறவர்கள் இதைப் பேசுவதே இல்லை.

தரவுப்பித்தன்:
ஆள் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஆள் வரும் வரை? பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு வட மாநிலங்களில் செய்ததைக் கொஞ்சம் பார்க்கலாம். 'எந்த வகுப்பு என்று பார்க்காதே, எந்த நிலையில் வாசிக்கிறான் என்று பார்த்துச் சேர்த்து உட்கார வை' என்பதுதான் அடிப்படை. எழுத்து, சொல், பத்தி, கதை என்று நிலை பார்க்கும் கருவியும் ஒரே தாள்தான், கிராமப் பிள்ளைகளின் வாசிப்பை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் ஏசர் கணக்கெடுப்பில் வைத்துக் கேட்கிறார்களே, அதே மாதிரி.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அவர்கள் தோற்ற இடங்கள். பீகாரிலும் உத்தரகாண்டிலும் ஆசிரியருக்குப் பயிற்சியும் கற்பித்தல் பொருளும் மட்டும் கொடுத்துவிட்டு வந்த இடங்களில் பெரிய பலன் இல்லை. பயிற்சிக்கு வந்தார்கள், போனார்கள், வகுப்பில் பழையபடி பாட நூல். பிறகு ஹரியானாவில் பள்ளி நேரத்தில் இதற்கென்றே தனியாக ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, அந்த நேரத்தில் பிள்ளைகளை வகுப்பு மாற்றி நிலைவாரியாக உட்கார வைத்து, மேற்பார்வையிடுபவர்களையும் முதலில் பாடம் நடத்திப் பார்க்கச் சொன்னார்கள். அப்போது வாசிப்பு முன்னேறியது. உத்தரப் பிரதேசத்தில் பள்ளியிலேயே சில நாள் முகாம்களாக நடத்தியபோது இன்னும் கூடுதல் பலன். பொருளும் பயிற்சியும் இரண்டு இடத்திலும் இருந்தன, தனி நேரம் ஒரு இடத்தில்தான் இருந்தது.

அளவுக்குச் சொல்கிறேன்: 2024 ஏசரில் இந்தியக் கிராமப்புறத்தில் மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புக் கதையை வாசித்தவர்கள் 27.1 சதவீதம். 2022-இல் 20.5 ஆக விழுந்திருந்தது, அதற்கு முன் 2018-இல் 27.3. அதாவது கொரோனாவில் விழுந்து எழுந்து பழைய இடத்துக்கு வந்திருக்கிறோம், அந்தப் பழைய இடமே நான்கில் ஒன்றுதான்.

ஆறாம் வகுப்புத் தமிழய்யா:
வெளியாள் வந்து வாசலில் உட்கார்ந்து கேட்டால் என் பிள்ளைகளில் பாதி வாயே திறக்காது. அந்தக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம்.

தரவுப்பித்தன்:
கூச்சம் எல்லா வருடமும் இருக்கும் அய்யா. ஏறி இறங்குவது கூச்சத்தால் அல்ல.

மாலைவகுப்பு அக்கா:
சாக்பீஸ் டீச்சர், நான்கு ஐந்து வகுப்பு எடுக்கும் சாரோடு பேசிப் பாருங்கள். முதல் பாடவேளையில் மட்டும் ஐந்து வகுப்பையும் கலக்கிவிட்டு, எழுத்துக்கூட்ட வேண்டியவர்கள் எல்லாரும் உங்களிடம், ஓரளவு வாசிக்கிறவர்கள் அவரிடம். உங்களுக்கு அந்த நேரத்தில் ஒரே நிலை. அவருடைய ஐந்தாம் வகுப்பிலும் உங்கள் ப-ட-ம கூட்டத்தில் உட்கார வேண்டிய பிள்ளைகள் இருப்பார்கள், எழுதித் தருகிறேன். அவர்களைப் பெயர் சொல்லி ஒதுக்காமல், சின்னவர்களுக்கு உதவ வா என்று கூப்பிட்டால் மானம் போகாமல் வந்து உட்காருவார்கள்.

இரவுப்பணி அப்பா:
ஒரு கேள்வி. எழுத்தைத் தலைகீழாக எழுதுகிறாள், ல-வையும் வ-வையும் மாற்றுகிறாள். இது டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடா? இணையத்தில் தேடிப் பயந்துவிட்டேன்.

வடமராட்சி வாசகி:
ஏழு வயதில் எழுத்து மாறுவது நிறையப் பிள்ளைகளுக்கு உண்டு. அதை மட்டும் வைத்துப் பெயர் சூட்டாதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். ஒழுங்காகத் தினமும் சொல்லிக்கொடுத்தும் மாதக்கணக்கில் நகரவில்லை, ஆங்கிலத்திலும் தமிழிலும் இரண்டிலும் சிக்கல் என்றால் அப்போது தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். உங்கள் மகள் ஆங்கிலம் நன்றாக வாசிக்கிறாள் என்கிறீர்களே.

ஆறாம் வகுப்புத் தமிழய்யா:
எல்லாரும் எழுத்து எழுத்து என்கிறீர்கள். வாசித்தது புரிய வேண்டாமா? கடகடவென்று வாசித்துவிட்டு "என்ன படித்தாய்?" என்றால் விழிக்கும் கூட்டமும் என் வகுப்பில் உண்டு.

தரவுப்பித்தன்:
வேண்டும். 1986-இல் கஃப், டன்மர் இருவரும் இதை ஒரு பெருக்கலாகவே எழுதினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது வாசிப்பு. ஒன்று பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம். உங்கள் இரண்டு கூட்டமும் அதற்குள் அடங்கும் அய்யா, எழுத்தில் திணறுபவர்களுக்கு ஒரு பக்கம் பூஜ்யம், கடகடக்காரர்களுக்கு இன்னொரு பக்கம். இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் வேலைக்காகாது. இன்னொன்று, புரிதலைத் தனித் திறமையாகப் பயிற்சி கொடுத்து வளர்ப்பதற்கு எல்லை உண்டு. 1988-இல் ரெக்ட், லெஸ்லி செய்த சோதனையில், வாசிப்பில் பின்தங்கிய ஆனால் பேஸ்பால் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள், பேஸ்பால் பற்றிய பத்தியை, நன்றாக வாசிக்கும் ஆனால் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். சமூக அறிவியலையும் அறிவியலையும் வெட்டிவிட்டு அந்த நேரத்திலும் வாசிப்புப் பயிற்சி கொடுக்கிறேன் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள்.

பழைய கரும்பலகை:
கிரிக்கெட் பற்றி நாலு வரி எழுதிப்போட்டால் எங்கள் ஊர்ப் பையன்களும் அப்படித்தான்.

சாக்பீஸ் தூள்:
சாரிடம் பேசிவிட்டேன். முதலில் தயங்கினார், ஐந்தாம் வகுப்பில் மூன்று பேரைத் தனியாகக் கூப்பிட்டுக் கடைசி வரியை வாசிக்கச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். திங்கள் முதல் முதல் பாடவேளை கலப்பு. ப-ட-ம கூட்டம் என்னிடம். மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லாருக்கும் சேர்த்து ஒரு கதையை அச்சில் இருக்கிறபடி வாசிக்கப்போகிறேன்.

துணைக்கால் வரை அக்கா சொன்ன வரிசை போதும். அதற்குப் பிறகு எந்தக் குறியை எடுப்பது? ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது, 'கெ'-யைப் பார்த்து எதை முதலில் சொல்வது என்று தடுமாறுகிறார்கள். கு, சு, டு, து வரிசையோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு உருவம்.

மாலைவகுப்பு அக்கா:
துணைக்காலுக்குப் பிறகு மேல்விலங்கு, இ-யும் ஈ-யும். அது பெரும்பாலான எழுத்துக்கு ஒரே மாதிரி தலைமேல் உட்காரும், டி, டீ மட்டும் கொஞ்சம் வேறு. படி, கிளி, வீடு-வில் வீ மட்டும். பிறகு ஐ வரிசை: மலை, கடை, தலை, இலை. ஐ-யின் குறியும் முன்னால்தான் வரும், ஆனால் எளிய சொற்கள் ஏராளம், அதனால் 'முன்னால் நிற்கும் குறியைப் பின்னால் சொல்' என்பதை அங்கேயே பழக்கிவிடலாம். அதன் பிறகு ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு கொடுத்தால் தடுமாற மாட்டார்கள். ஒ, ஓ அதற்கும் பின். உ, ஊ வரிசையை மொத்தமாகக் கொடுக்காதீர்கள், வாரத்துக்கு மூன்று, அடிக்கடி வருபவையாக: து, கு, டு. அது, வந்தது, வீடு, ஆடு, நாக்கு.

பழைய கரும்பலகை:
பழைய புத்தகம் ஏதாவது நூலகத்தில் கிடந்தால் பார்த்துக் கொடுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அச்சானது என்றால் லை, ளை, ணை, னை நான்கும் யானைத் தும்பிக்கையோடு வேறு உருவத்தில் இருக்கும், ணா, றா, னா வரிசையும் வேறு. மொத்தம் 13 எழுத்து. புதிதாகக் கற்கும் பிள்ளை குழம்பிவிடும்.

ஆறாம் வகுப்புத் தமிழய்யா:
ல, ள, ழ எப்போது?

மாலைவகுப்பு அக்கா:
ல முதலில், ள கொஞ்சம் தள்ளி, ஒரே வாரத்தில் இரண்டையும் வைக்க வேண்டாம். ழ-வுக்கு மழை, பழம், வாழை போதும். உச்சரிப்பைத் திருத்துகிறேன் என்று வாசித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை நடுவில் நிறுத்தாதீர்கள் அய்யா, வரி முடியட்டும்.